"சிவகங்கைக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டால் ஊருக்கு என்ன?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர், பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை, பைக்கில் வந்த இரண்டு பேர் தள்ளிவிட்டுத் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. முன்பு ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் வாரம் ஒரு நாள் ஊருக்கு வருவார். இப்படி ஏதாவது நடந்தால் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போவார். பண உதவி நின்றுபோனதால் இப்போது வருவதில்லை. எதைக் கேட்டாலும் சிவகங்கைக்குப் போகச் சொல்கிறார்கள். அந்த அம்மா ஒரு தடவை போய், ஏதோ காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதோடு விட்டுவிட்டார். நடந்ததைப் பார்த்தது எதிர்வீட்டு ஆச்சியும் இஸ்திரி வண்டிக்காரரும். இரண்டு பேரும் சாட்சி சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நான் இதைப் பேசினால், "அது அவங்க குடும்பப் பாடு, போலீஸ் பார்த்துக்கும், ஊர்ப் பணத்தை இதுல எதுக்குப் போடணும்" என்கிறார் ஒரு பெரியவர். தீர்ப்பு வந்த பிறகுதான் இழப்பீடு என்றும் சொல்கிறார்கள். உண்மையா? சங்கத்தில் நான் என்ன பதில் சொல்வது? (67 வயது வாசகி)

ஆச்சி, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். தீர்ப்பு வந்த பிறகுதான் இழப்பீடு என்பது தவறு. இந்த ஒரு தவறான பேச்சை நம்பி மனுவே போடாமல் விட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தரும் ஏற்பாடு 2009-இன் கடைசியிலேயே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் 357ஏ என்ற பிரிவாக வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவு. குற்றவாளி யார் என்றே தெரியவில்லை, பிடிபடவில்லை, வழக்கு விசாரணைக்கே வரவில்லை என்றாலும்கூடப் பாதிக்கப்பட்டவர் நேரடியாக, இலவச சட்ட உதவி தரும் அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுப் போடலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மனு வந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்து உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டத்தில், கொடுங்காயத்துக்கும் மறுவாழ்வு தேவைப்படும் மன பாதிப்புக்கும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை வழங்க இடம் இருக்கிறது. மனுப் போட்டவுடன் தானாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆணைக்குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும். ஆனால் கேட்க அந்த அம்மாவுக்கு உரிமை இருக்கிறது, இப்போதே இருக்கிறது. பறிபோன சங்கிலியின் விலை மட்டும் இந்தத் திட்டத்தில் வராது. போலீஸ் சங்கிலியை மீட்டுவிட்டால், வழக்கு முடிகிற வரைக்கும் அது கோர்ட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, மனுப் போட்டு முன்பே வாங்கிக்கொள்ளலாம். புதிய சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பொருளைப் படமெடுத்துப் பட்டியல் போட்ட பிறகு 30 நாளுக்குள் அது யாரிடம் போக வேண்டும் என்று உத்தரவு போடச் சொல்கிறது.

அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது எந்தக் காகிதம் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் புகார் வந்து சேர்ந்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தருவார்கள், அதையே வழக்குப் பதிந்ததற்கான முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள், அங்கே போனதும் இது இல்லை என்பார்கள். இரண்டும் வேறு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதோடு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார், பாங்க் பாஸ்புக் இருந்தால் பெரும்பாலும் போதும். எஃப்.ஐ.ஆரே போடவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதி அனுப்பலாம். அதற்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் முன்பு யார் பார்த்துக்கொண்டார்? அந்தத் தொண்டு நிறுவனத்துப் பெண். அவர் பெரிய சட்ட அறிவு எதையும் கொண்டுவந்திருக்க மாட்டார். எந்தக் காகிதம் வேண்டும், எந்த மேஜையில் கேட்க வேண்டும், எந்த நாள் போனால் அதிகாரி இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கூடவும் வந்திருப்பார். சேவையை மாற்றுகிறபோது மேலே இருப்பவர்கள் கணக்குப் பார்ப்பது கட்டடம், ஆள், தொலைபேசி எண் இவற்றைத்தான். கூட வருகிற ஆள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை, அதனால் அதுதான் முதலில் போகிறது.

சரி, சங்கத்துப் பெரியவருடைய கேள்விக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பாளராகக் கேட்கிறார். அதனால் அவருக்குப் புரிகிற கணக்கிலேயே பேசுங்கள்.

அந்த அம்மா போன தாலிக்குப் பதில் ஒன்று வாங்கியாக வேண்டும், வெறுங்கழுத்தோடு வெளியே வர நம் பெண்களுக்கு மனசு வராது. கை முறிந்ததால் வேலைக்கும் போக முடியாது. அப்படியானால் கடன்தான். மகளிர் குழுவில் வாங்கியிருப்பார், இல்லையென்றால் வாரவட்டிக்காரரிடம். குழுக் கடனாக இருந்தால் தவணை தவறிய மாதத்தில் மற்ற பெண்கள் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும், குழுவுக்குள் மனக்கசப்பு வரும், அடுத்த கடன் தள்ளிப்போகும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? உங்கள் தெருவில் வீட்டு வேலை செய்பவர்கள், பலகாரம் சுடப் போகிறவர்கள், கல்யாணச் சமையல் செட்டோடு போய்விட்டு ராத்திரிக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர்கள். ஒருத்திக்கு நடந்ததை விட, நடந்த பிறகு அவளுக்கு யாரும் இல்லை என்பதைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் இருட்டுகிற நேரத்து வேலைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சமையல்காரர் வேன் வைத்தால் வருகிறேன் என்பார்கள், அந்தச் செலவு விசேஷ வீட்டுக்காரர் தலையில் விழும்.

பெரிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ கோட்டையூரோ, எந்த ஊரில்தான் பூட்டிய வீடுகள் இல்லை? சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் முகப்பு விளக்கைப் போட்டு, வளவைக் (உள்முற்றத்தை) கூட்டி, ஓடு உடைந்து மழைத்தண்ணீர் இறங்கினால் போன் பண்ணிச் சொல்வது இந்த அம்மாவைப் போன்றவர்கள்தான். ஒரு வீட்டுக் காவல்காரம்மா கை முறிந்து, நாதியில்லாமல் கிடந்தார் என்று நாலு ஊரில் தெரிந்த பிறகு, அடுத்த வீட்டுக்கு யார் சாவி வாங்குவார்கள்? ஆள் இல்லாத வீட்டில் நிலைக்கதவும் தூணும் களவு போகும், அதைப் பார்த்த வாரிசுகள் இருக்கிறபோதே விற்றுவிடுவோம் என்பார்கள். சங்கத்துப் பெரியவரின் சொந்த வீட்டையும் ஒரு அம்மாதான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

"அவங்க குடும்பப் பாடு" என்ற பேச்சில் எனக்கு வருத்தமான இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மா ஊரில் புள்ளி (ஊர்க் கணக்கில் வரும் குடும்பம்) கிடையாது, வரி கொடுப்பவர் கிடையாது, அதனால் சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லை என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அடிபட்டது சங்கத்து உறுப்பினர் வீட்டு ஆச்சியாக இருந்தால் அன்று ராத்திரியே நாலு கார் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கும். அந்த அம்மா காத்தது ஊர்க்காரர் வீட்டைத்தானே? இதைக் கூட்டத்தில் நீங்கள்தான் சொல்ல முடியும் ஆச்சி. வெளியிலிருந்து நான் சொன்னால் எடுபடாது.

சாட்சி விஷயம் இன்னும் முக்கியம். இஸ்திரி வண்டிக்காரருக்குப் பயம் மட்டும் இருக்காது, கோர்ட்டுக்குப் போகிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் பிழைப்பு போகும் என்ற கவலையும் இருக்கும். எதிர்வீட்டு ஆச்சிக்கு ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே என்ற கூச்சம். அவரிடம் சொல்லுங்கள்: சாட்சியை விசாரிக்கப் பெண்களையோ 60 வயதைத் தாண்டிய ஆண்களையோ போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள் இருக்கிற வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், புதிய சட்டத்தில் இது 179-ஆம் பிரிவு. இஸ்திரிக்காரருக்குக் கோர்ட்டில் சாட்சிப் படி உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும், அது போதாது என்றால் ஊர் கொஞ்சம் கொடுக்கலாம். (யாராவது நேரில் பார்த்து, இன்ன நாள் வந்தால் போதும் என்று சொன்னாலே பாதிப் பேர் வந்துவிடுவார்கள் என்பது நான் கண்டது.) உண்மையிலேயே மிரட்டல் வந்தால் மாவட்ட நீதிபதி தலைமையில் இருக்கும் குழுவிடம் பாதுகாப்புக் கேட்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் அது.

இரண்டு சாட்சியும் பின்வாங்கினால், ஆள் பிடிபட்டாலும் வழக்கு நிலைக்காது, வெளியே வந்துவிடுவான். அதே பைக் அடுத்த ஊருக்குப் போகும், இல்லையென்றால் உங்கள் தெருவுக்கே திரும்பி வரும். அடுத்த தடவை அடிபட்டவர், போன தடவை என்ன ஆனது என்று பார்த்துவிட்டுப் புகாரே கொடுக்க மாட்டார். ஸ்டேஷன் ஏட்டில் புகார் குறைந்தால் இந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறது என்றுதான் அர்த்தமாகும், ராத்திரி ரோந்து வேறு பக்கம் போகும். நடந்தது குறையாமலே ஏட்டில் மட்டும் குறைந்து நிற்கிற இந்த நிலைமைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஆதரவுச் சேவை போனதால் ஊருக்கு என்ன என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அந்த வெற்றிடத்தில் வேறு ஒன்றும் நுழையும். பிடிபட்டவன் தரப்பிலிருந்து யாராவது வருவார்கள், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். கைக்கட்டோடு, கடனோடு, தனியாக இருக்கிற பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சங்கம் இதில் நடுவராகப் போய் உட்காரவே கூடாது. வழிப்பறி, இரு தரப்பும் சமரசம் செய்து முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிற குற்றம் இல்லை. நல்லெண்ணத்தில் ஆரம்பித்தாலும் அது கட்டப்பஞ்சாயத்தாகத்தான் முடியும்.

இவ்வளவு சொன்னாலும், எல்லாவற்றையும் மாவட்டத் தலைநகரில் வைத்தது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2015-இலிருந்து நாடெங்கும் வந்திருக்கும், பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி செய்கிறார்கள், பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தால் ராத்திரியிலும் எடுக்கிறார்கள். ஊருக்குள் வாரம் ஒரு நாள் வருகிற ஒருவரால் அது முடியாது. இன்னொன்று, வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணும் ஊருக்குள் யாரிடமும் வாய் திறக்கவே பயப்படுவார்கள். சொன்னவர் சொந்தக்காரருக்குச் சொந்தக்காரராக இருப்பார், மறுநாள் குழாயடியில் பேச்சாகிவிடும். அவர்களுக்கு முகம் தெரியாத சிவகங்கைதான் நிம்மதி.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-உம் இப்படித்தான் மாறியது. முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்தின, 2023-இலிருந்து படிப்படியாக அரசின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வந்து, அவசர அழைப்பான 112-உடன் இணைக்கப்பட்டது. எண் அதே எண், இப்போதும் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் எண்ணை எடுப்பவரைத் தெரிந்து வைத்திருந்த பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடி டீச்சரோ, இப்போது யாரிடம் பேசுகிறோம், நம் பெயர் வெளியே வருமா என்று ஒரு நாள் யோசிப்பார்கள். அந்த ஒரு நாள் குழந்தைக்கு நீண்ட நாள். அந்த டீச்சர்களிடம் யாராவது போய், எண் மாறவில்லை, தைரியமாகக் கூப்பிடுங்கள் என்று சொன்னால் போதும், அதற்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சங்கம் என்ன செய்யலாம்? மறுபடி ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2009-இலிருந்து சட்டத் தன்னார்வலர் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுப் பெண், கல்லூரி மாணவி என்று யார் வேண்டுமானாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், தேர்ந்தெடுத்தால் அவர்களே பயிற்சி கொடுப்பார்கள், வேலை செய்கிற நாளுக்கு மதிப்பூதியமும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து இரண்டு பெண்களை விண்ணப்பிக்க வையுங்கள். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒருவர் பெரிய வீட்டுத் தெருவிலிருந்தும் இன்னொருவர் வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவிலிருந்தும் வந்தால்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் பெண்கள் பேச வருவார்கள். கேட்டதை வெளியே சொல்லாத வாய் அவர்களுக்கு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், படிப்பெல்லாம் அப்புறம்.

சங்கம் பணமாகக் கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். சிவகங்கைக்குப் போய்வர இரண்டு பேருக்குப் பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, ஜெராக்ஸ், அன்றைய கூலி. தெருவுக்குக் காமிரா வைக்கச் சங்கங்கள் செலவழிக்கின்றன, அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. காமிராவில் பைக் நம்பர் தெரியும், அந்த அம்மாவுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிக் கொடுக்க ஒரு ஆள்தான் போக வேண்டும். காமிராச் செலவோடு ஒப்பிட்டால் நான் சொல்வது ஒன்றுமே இல்லை என்று பெரியவரிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கூட்டத்தில் இன்னொன்றும் எழுப்புங்கள். அந்த வாராந்திர சேவை திரும்ப வேண்டும் என்று ஊர் எழுத்தில் கேட்கலாம். கலெக்டரின் திங்கட்கிழமை மனு நாளில், மாதம் ஒரு முறையாவது சகி மையத்து ஆலோசகர் காரைக்குடிக்கு வந்து உட்காரட்டும் என்று நாலைந்து ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தனி ஒரு பெண் கொடுக்கும் மனுவை விட அது கவனிக்கப்படும். மூடும்போது யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதை வைத்துத்தான் இதற்குத் தேவை இல்லை என்று பல நேரம் முடிவு கட்டுகிறார்கள்.

இனி அந்த அம்மாவின் காரியம். முதலில் சிவகங்கைக்கு ஓட வேண்டாம். நீதிமன்றம் இருக்கும் வட்டங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது, காரைக்குடி கோர்ட் வளாகத்தில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். பெண் என்பதாலேயே அவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போகும் முன் சட்ட உதவி எண்ணான 15100-க்கு ஒரு போன் போட்டு, இழப்பீட்டு மனுவுக்கு என்னென்ன நகல் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்களுக்கான திட்டத்தில் மனுப் போட மூன்று வருஷம் வரை அவகாசம் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். கட்டுப் பிரிக்கும்போது டாக்டர் கை எவ்வளவு மடங்குகிறது, பழைய வேலை செய்ய முடியுமா என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், மனுவில் அது பெரிதாக உதவும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் இருக்கிறது. சம்பவம் நடந்து அவ்வளவு நாள் ஆகியிருந்தால் ஸ்டேஷனில் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

முதல் தடவை நீங்களே அவரோடு போய்வர முடியுமா ஆச்சி? முடியாவிட்டால் மகளிர் குழுவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள், அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பெரிய வீட்டின் சொந்தக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அவரிடமும் பேசுங்கள். அந்த அம்மா கை சரியாகும் வரை மாதச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.